குளச்சல் கடலும் மிளகுக் கொடியும்

(படிப்பு வட்டங்களில் வாசிப்பதற்கான உரை)



தை, மாசி மாதங்களில் சக்குபள்ளத்து வீட்டு முற்றங்களைப் பாருங்கள். பாய் விரித்திருக்கும். பாயில் மிளகு காயும். பச்சையாக வந்த மணிகள் சில நாள் வெயிலில் சுருங்கும், கறுத்துப் போகும். பிள்ளைகள் கோழியை விரட்டிக்கொண்டு காவல் இருப்பார்கள். மேகம் கூடினால் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஓடி வந்து பாயைச் சுருட்டுவார்கள்.

ஒரு மிளகு எவ்வளவு சிறியது! ஒரு கைப்பிடி அள்ளினால் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் இந்தச் சிறிய மணிக்காகப் பெரிய கப்பல்கள் கடல் தாண்டி வந்தன. பீரங்கிகள் வந்தன. அரசர்கள் சண்டை போட்டார்கள்.

அப்படி ஒரு சண்டை 1741-ஆம் ஆண்டு நடந்தது. நடந்த இடம் குளச்சல் கடற்கரை. ஒரு பக்கம் திருவிதாங்கூர் அரசர். மறு பக்கம் டச்சுக்காரர்கள். டச்சுக்காரர்கள் என்றால் ஐரோப்பாவில் உள்ள ஹாலந்து நாட்டுக்காரர்கள்.

சண்டை எதற்காக? மிளகுக்கு யார் விலை சொல்வது என்பதற்காக. அந்தக் கதையைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

குளச்சல் எங்கே இருக்கிறது?

சக்குபள்ளத்திலிருந்து குமுளிக்குப் போகிறீர்கள். அங்கிருந்து மலைப் பாதையில் இறங்கினால் கம்பம். பிறகு தேனி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில். நாகர்கோவிலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் குளச்சல். அது இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

முன்பு அப்படி இல்லை. குளச்சல் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. பின்னாளில் இடுக்கி மலைகளும் அதே அரசின் கீழ் வந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அன்று குளச்சல் சென்னை மாநிலத்துக்குப் போனது; அதுதான் இன்றைய தமிழ்நாடு. இடுக்கி மலைகள் கேரளத்தில் நின்றன. மலையும் அந்தக் கடற்கரையும் ஒரு காலத்தில் ஒரே அரசில் இருந்தவை.

குளச்சலில் கரை நேர்கோடாக இல்லை. உள்ளே வளைந்திருக்கிறது. நிலம் உள்வாங்கி, கடல் புகுந்த இடத்தைக் குடா என்பார்கள். மிகப் பெரிய குடாவுக்கு விரிகுடா என்று பெயர். வங்காள விரிகுடா என்று கேட்டிருப்பீர்கள். குளச்சலில் இருப்பது சிறிய குடா. குடாவுக்கு வெளியே கடலில் பாறைகள் தலை நீட்டி நிற்கின்றன. கிழக்கே முட்டம் என்ற இடத்தில் பாறை முனை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அங்கே கலங்கரை விளக்கம் உண்டு.

பாறைகள் அலையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். வளைந்த கரையில் மணல் இருக்கிறது. அதனால் படகைக் கரையேற்றலாம். பல நூறு ஆண்டுகளாக மீனவர்கள் இங்கே கட்டுமரமும் வள்ளமும் இறக்கி வந்தார்கள். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. அவை சற்றுத் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். இதை நினைவில் வையுங்கள். கதையில் இது முக்கியம்.

இன்னொன்றும் முக்கியம். திருவிதாங்கூர் அரசரின் தலைநகரம் அன்று பத்மநாபபுரம். குளச்சலிலிருந்து அது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம்தான். அதாவது, குளச்சல் அரசரின் வீட்டு வாசல் மாதிரி.

மலைக்கும் கடலுக்கும் ஒரே காற்று

ஜூன் மாதம் தொடங்கும்போது தென்மேற்கிலிருந்து பலமான காற்று வருகிறது. இதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. இது கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதுகிறது, மேலே ஏறுகிறது. மேலே போனால் குளிர். குளிர்ந்ததும் ஈரம் மழையாகக் கொட்டுகிறது.

செல்லார்கோவிலில் நின்று கீழே பாருங்கள். பின்னால் மேகமும் சாரலும். முன்னால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே வெயில் அடிக்கும். காற்று தன் ஈரத்தை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு கீழே போகிறது. அதனால்தான் மேலே ஏலமும் மிளகும். கீழே வேறு விவசாயம்.

இந்த ஜூன் மழையில்தான் மிளகுக் கொடி தளிர்க்கிறது, பூக்கிறது. பூவில் மகரந்தம் சேர மழைத்துளி உதவுகிறது. இந்த மழை தவறினால் அந்த ஆண்டு மணி பிடிப்பது குறையும்.

மலபாரில் இதைப் பற்றி ஒரு பழங்கதை சொல்வார்கள். போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டு சாமூதிரி அரசரிடம் மிளகுக் கொடியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார்களாம். அரசர் சம்மதித்தாராம். கூட இருந்தவர்கள் பயந்தார்களாம். கொடியைக் கொண்டு போகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியுமா என்று அரசர் சிரித்தாராம். திருவாதிரை ஞாற்றுவேலை என்பது ஜூன் கடைசியில் தொடங்கும் மழை நாட்கள். இது கதைதான். ஆனால் மிளகுக்கும் மழைக்கும் உள்ள உறவை நன்றாகச் சொல்கிறது.

மலையில் மழை தரும் இதே காற்று கடலில் என்ன செய்கிறது? பெரிய அலைகளை எழுப்புகிறது. குளச்சல் கரை தென்மேற்கைப் பார்த்து இருக்கிறது. காற்று நேராக வந்து கரையில் அறைகிறது. அந்தக் காலக் கப்பல்கள் பாயை விரித்துக் காற்றால் ஓடியவை. இந்தக் காற்றில் அவை கரைக்கு அருகே வந்தால் பாறையில் மோதிவிடும். நங்கூரம் தாங்காது. சிறு படகையும் அலை கவிழ்த்துவிடும். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கரைக்குக் கப்பல் வருவது மிகவும் கடினம்.

மலையில் கொடி பூக்கும் காலம். கடலில் கதவு அடைக்கும் காலம். இரண்டும் ஒன்றே.

மிளகைத் தேடி வந்தவர்கள்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரிக் கப்பல்கள் மிளகு வாங்க வந்தன. முசிறித் துறைமுகத்தில் பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போயின. பிறகு அரபு வணிகர்கள் வந்தார்கள். பருவக்காற்றின் போக்கை அறிந்து அவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

1498-ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். அதன் பிறகு நிலைமை மாறியது. வணிகத்தோடு பீரங்கியும் வந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். இன்று நாம் அரைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வந்தது.

போர்ச்சுகீசியருக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1602-ஆம் ஆண்டு அவர்கள் ஒரு பெரிய கம்பெனி தொடங்கினார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி என்று பெயர். அது வெறும் வணிகக் கம்பெனி அல்ல. அதற்குப் படை உண்டு; கப்பல் உண்டு; கோட்டை கட்டும் உரிமை உண்டு. இலங்கையின் கடற்கரையை அது பிடித்தது. 1663-இல் கொச்சியையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது.

கேரளக் கரையில் அப்போது சிறு சிறு அரசர்கள் பலர் இருந்தார்கள். கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: மிளகை எங்களுக்கே தர வேண்டும். வேறு யாருக்கும் விற்கக் கூடாது. விலை ஒப்பந்தத்தில் உள்ளபடி.

சந்தையில் விலை ஏறினாலும் கம்பெனி பழைய விலையையே தர விரும்பியது. வாங்குபவர் ஒருவரே என்றால் விலை யார் கையில்? வாங்குபவர் கையில். ஏலக்காய் விற்கும் நீங்கள் இதை நன்றாக அறிவீர்கள். ஏலத்தில் நாலு பேர் கேட்டால்தான் விலை ஏறும்.

மார்த்தாண்ட வர்மா

1729-ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மா அரசரானார். அவருடைய நாடு அப்போது சிறியது. வேணாடு என்று பெயர். உள்ளூர்ப் பிரபுக்கள் அவரை மதிக்கவில்லை. அவர் முதலில் அவர்களை அடக்கினார். பிறகு வடக்கே உள்ள நாடுகளை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்க்கத் தொடங்கினார். இப்படி வளர்ந்த நாடுதான் திருவிதாங்கூர்.

டச்சுக்காரர்கள் கவலைப்பட்டார்கள். பல சிறு அரசர்கள் இருந்தால் ஒருவரை மற்றொருவரோடு மோத விடலாம். குறைந்த விலைக்கு மிளகு வாங்கலாம். ஒரே பலமான அரசர் வந்துவிட்டால் அது நடக்காது. அதோடு மார்த்தாண்ட வர்மா ஆங்கிலேயருக்கும் மிளகு விற்றார். அஞ்செங்கோவில் ஆங்கிலேயருக்குக் கோட்டை இருந்தது.

1739-இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் நேரில் வந்தார். மற்ற நாடுகளில் தலையிட வேண்டாம் என்று அரசரை எச்சரித்தார். படை எடுத்து வருவோம் என்றும் மிரட்டினார். அப்படியானால் நானும் என் மீனவர்களின் படகுகளைக் கொண்டு ஐரோப்பாமேல் படை எடுக்க யோசிக்க வேண்டும் என்று அரசர் பதில் சொன்னதாகக் கூறுவார்கள். கேலியான பதில். ஆனால் அதில் பணிவு இல்லை. பேச்சு முறிந்தது.

கொட்டாரக்கரை அரசியை டச்சுக்காரர்கள் ஆதரித்தார்கள். மார்த்தாண்ட வர்மா அங்கே போய் அவர்களை முறியடித்தார். டச்சுக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். வடக்கே சண்டை போடுவதற்குப் பதில், தெற்கே அரசரின் வாசலிலேயே இறங்கினால் என்ன?

கப்பல்கள் வந்தன

1740 கடைசியிலும் 1741 தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து டச்சுக் கப்பல்கள் குளச்சலுக்கு வந்தன. அப்போது காற்று அடங்கிய காலம். கடல் அமைதியாக இருந்தது. கப்பல்கள் குடாவுக்கு வெளியே நின்று கரையை நோக்கிப் பீரங்கியால் சுட்டன. கரையில் இருந்தவர்களிடம் கப்பலை எட்டும் பீரங்கி இல்லை. படை வீரர்கள் படகில் வந்து இறங்கினார்கள்.

கரையோர ஊர்கள் பாதிக்கப்பட்டன. மக்கள் பயந்து உள்ளே ஓடினார்கள். டச்சுப் படை பத்மநாபபுரம் பக்கம் முன்னேறியது. அரசரின் படையில் பெரும்பகுதி அப்போது வடக்கே இருந்தது.

செய்தி கிடைத்ததும் மார்த்தாண்ட வர்மா தெற்கே விரைந்து வந்தார். படையைத் திரட்டினார். டச்சுக்காரர்களைத் திரும்பக் கடற்கரைக்கே தள்ளினார். அவர்கள் குளச்சலில் மரத்தாலும் மண்ணாலும் ஒரு காவல் அரண் அமைத்து உள்ளே இருந்துகொண்டார்கள். அரிசி, வெடிமருந்து எல்லாம் அதற்குள்ளே இருந்தன.

திருவிதாங்கூர்ப் படை அரணைச் சுற்றி வளைத்தது. இதற்கு முற்றுகை என்று பெயர். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. வெளியே இருந்து உணவும் உள்ளே போக முடியாது.

இந்தச் சமயத்தில் மீனவர்கள் அரசருக்கு உதவினார்கள் என்று குளச்சல் பக்கத்தில் சொல்வார்கள். துடுப்புகளைத் தோளில் சாத்தி வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் போலத் தெரியுமாம். பனைமரத் தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டினார்கள் என்றும் சொல்வார்கள். இவை செவிவழிக் கதைகள். தாத்தா பேரனுக்குச் சொல்லி வந்தவை.

கடல் கதவைச் சாத்தியது

மாதங்கள் கடந்தன. ஜூன் வந்தது. தென்மேற்குக் காற்று தொடங்கியது. மலையில் மழை கொட்டியது. மிளகுக் கொடிகள் பூத்தன. குளச்சலில் கடல் கொந்தளித்தது.

அரணுக்குள் இருந்த டச்சுக்காரர்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொச்சியில் அவர்கள் கோட்டை இருந்தது. கொழும்பிலும் இருந்தது. ஆனால் அந்தக் கடலில் கப்பல் வந்து நின்று, படகில் ஆளையும் அரிசியையும் இறக்குவது எப்படி? எந்தக் கடல் வழியாக வந்தார்களோ, அந்தக் கடலே இப்போது சுவராக நின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. டச்சுக் கம்பெனிக்கு ஆசியாவில் தலைமையிடம் ஜாவாத் தீவில் உள்ள பட்டாவியா. இன்று அதன் பெயர் ஜகார்த்தா. 1740 அக்டோபரில் அங்கே சீன மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ஜாவாவில் பெரும் போர் மூண்டது. கம்பெனியின் படை அங்கே தேவைப்பட்டது. குளச்சலுக்கு அனுப்ப ஆள் இல்லை.

ஆகஸ்டு மாதம். திருவிதாங்கூர்ப் படையின் பீரங்கிக் குண்டு அரணுக்குள் விழுந்தது. வெடிமருந்து தீப்பற்றியது. அரண் எரிந்தது. சேமித்து வைத்த அரிசியும் எரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. சரணடைந்தார்கள்.

1741 ஆகஸ்டு 10-ஐ இந்த வெற்றியின் நாளாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். இன்று குளச்சல் கடற்கரையில் இதன் நினைவாக ஒரு தூண் நிற்கிறது.

ஆசியாவில் ஐரோப்பியரை முதன்முதலில் தோற்கடித்தது இந்தப் போர்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1662-லேயே தைவான் தீவில் சீனத் தளபதி ஒருவர் இதே டச்சுக்காரர்களைத் தோற்கடித்து வெளியேற்றியிருக்கிறார். குளச்சல் வெற்றிக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையில்லை. ஒரு சிறிய நாடு, கப்பல் படை இல்லாமலே, ஒரு பெரிய கப்பல் படையை வென்றது. அதுவே போதிய பெருமை.

எப்படி வென்றது? வீரமும் உண்டு. ஆனால் வீரம் மட்டும் காரணமல்ல. தன் கடற்கரையையும் தன் பருவக்காற்றையும் அறிந்த பக்கம் வென்றது. பல மாதம் திறந்திருக்கும் வாசல், தென்மேற்குக் காற்றின் காலத்தில் அடைத்துவிடும் என்பது கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

சிறைப்பட்டவர் தளபதி ஆனார்

பிடிபட்டவர்களில் ஒருவர் பெயர் டிலனாய். அரசர் அவரைக் கொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வேலையைக் கற்றுத்தரச் சொன்னார். டிலனாய் ஒத்துக்கொண்டார். திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடந்தது. வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட அரண் அவர் மேற்பார்வையில் எழுந்தது.

மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். பெரிய தளபதி என்று பொருள். அவர் தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1777-இல் உதயகிரிக் கோட்டையில் காலமானார். அவருடைய கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. கல்லறையில் இரண்டு மொழிகளில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஒன்று லத்தீன். மற்றொன்று தமிழ். நீங்கள் போனால் எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம்.

விலை யார் கைக்குப் போனது?

1753-ஆம் ஆண்டு மாவேலிக்கரையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இனி கேரள அரசர்களின் சண்டைகளில் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அவர்களுக்குக் குறித்த விலையில் மிளகு தரும். அவர்கள் திருவிதாங்கூருக்கு ஆயுதம் தருவார்கள். அதன் பிறகு டச்சுக்காரர்களின் கை இந்தக் கரையில் ஓங்கவில்லை. 1795-இல் கொச்சியையும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள்.

அரசர் வென்றார். சரி. மிளகு பயிரிட்டவருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

மார்த்தாண்ட வர்மா மிளகை அரசின் தனி உரிமை ஆக்கினார். அதாவது, விளைந்த மிளகை அரசின் பண்டகசாலைக்கே கொடுக்க வேண்டும். வெளியே விற்றால் குற்றம். வழிகளில் காவல் சாவடிகள் இருந்தன. விலையை அரசு சொல்லும். அரசு அதை வெளிநாட்டு வணிகருக்கு அதிக விலைக்கு விற்கும். அந்த லாபத்தில் கோட்டை கட்டினார்கள், படை வைத்தார்கள், நாட்டை நடத்தினார்கள். இந்த முறை நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

டச்சுக்காரரிடமிருந்து விலை சொல்லும் உரிமை அரசர் கைக்கு வந்தது. கொடியை நட்டவர் கைக்கு வரவில்லை. மழையில் நனைந்து, ஏணி சாத்தி, கொத்துக் கொத்தாகப் பறித்தவர் பழையபடி சொன்ன விலையை வாங்கிக்கொண்டு போனார். அவர் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போது அவர் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் அதை வாசித்து அறிய அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரிந்திருக்காது.

இன்றைய குளச்சல்

இன்றும் குளச்சல் மீனவர் ஊர். கட்டுமரத்தோடு விசைப்படகுகளும் இருக்கின்றன. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் அரசு தடை போடுகிறது. 1741-இல் கடல் அடைத்த அதே மாதங்கள்!

ஆனால் கடல் எப்போதும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அது காற்றால் எழுந்த அலை அல்ல. கடலுக்கு அடியில் நில நடுக்கத்தால் எழுந்த அலை. டிசம்பர் அமைதியான மாதம் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம். குளச்சலிலும் பக்கத்தில் உள்ள கொட்டில்பாட்டிலும் பலர் உயிர் இழந்தார்கள். வெளியே நின்ற பாறைகளும் குடாவும் அந்த அலையைத் தடுக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவில்லை.

அதனால் இன்று கடலோர ஊர்களில் எச்சரிக்கைச் செய்தி கொடுப்பது முக்கியமான வேலை. வானொலியிலும் கைபேசியிலும் செய்தி வருகிறது. அதைக் கேட்டு, படித்து, சரியான நேரத்தில் கரை சேர்பவர் பிழைக்கிறார். அன்று காற்றை அறிந்தவர்கள் வென்றார்கள். இன்றும் அறிவுதான் காவல்.

முற்றத்து மிளகும் எழுத்தும்

இப்போது சக்குபள்ளத்து முற்றத்துக்குத் திரும்புவோம்.

இன்று மிளகுக்காக யாரும் பீரங்கி கொண்டு வருவதில்லை. மிளகை அரசுக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் விலை இன்றும் தூரத்தில்தான் முடிவாகிறது. சாமூதிரி கதையில் வருவது போல மழையைக் கொண்டு போக முடியாதுதான். ஆனால் கொடி பல நாடுகளுக்குப் போய்விட்டது. அங்கங்கே உள்ள மழையில் வளர்கிறது. இன்று உலகில் மிளகு மிக அதிகமாக விளையும் நாடு வியட்நாம். அங்கே விளைச்சல் கூடினால் இங்கே விலை இறங்கலாம். அங்கே வறட்சி வந்தால் இங்கே விலை ஏறலாம். பிற நாட்டு மிளகு எவ்வளவு இறக்குமதி ஆகிறது என்பதும் விலையைப் பாதிக்கும்.

அன்றைய விவசாயிக்கும் இன்றைய விவசாயிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று விலை ரகசியம் அல்ல. கொச்சிச் சந்தையின் மிளகு விலை நாளிதழில் வருகிறது. கைபேசியிலும் பார்க்கலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது. புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது.

மூட்டையைக் கடைக்குக் கொண்டு போகும்முன் அன்றைய விலையைப் படியுங்கள். எடை போடும்போது தராசின் எண்ணைப் பாருங்கள். ஈரத்துக்கும் தூசிக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று கேளுங்கள். சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். முன்பணம் வாங்கும்போது எழுதிய தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தாயோ தந்தையோ கைநாட்டு வைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். போடும்முன் படிக்கவும் உங்களால் முடியும்.

கூட்டம் முடிந்த பிறகு உங்களுக்குள் இவற்றைப் பேசிப் பாருங்கள். ஒரே ஆள் மட்டும் வாங்க வந்தால் விலை என்ன ஆகும்? பலர் சேர்ந்து விற்றால் என்ன ஆகும்? சக்குபள்ளத்தில் எந்த மாதம் மிளகு விலை ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது? வயதானவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டு உங்களுக்கு உதவும்.

அடுத்த ஜூனில் மழை வரும். கொடி பூக்கும். அப்போது குளச்சல் கடலும் கொந்தளித்துக்கொண்டிருக்கும். மலையில் நனையும் உங்களையும் கரையில் காத்திருக்கும் மீனவரையும் தொடுவது ஒரே காற்று என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.